வேகமானது: சிவிங்கி

பிசிறு என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். குழந்தைகளுக்கான துணிப் புத்தகங்கள் தைக்கும் பட்டறை அது. அங்கே சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருஷம், தைத்து வரும் பக்கங்களில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுவதுதான் அவள் வேலை. ஒரு முக்காலி, ஒரு சின்னக் கத்திரிக்கோல், மடியில் விரிக்க ஒரு பழைய துண்டு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வாயைத் திறக்காமல் வெட்டிக்கொண்டே இருப்பாள்.

"இந்தப் பொம்பளைக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் பிசிறுன்னு நினைச்சு வெட்டிப் போட்டுட்டாளா?" என்று மோட்டார் அக்கா கேட்பாள். மோட்டார் அக்கா தையல் மெஷின் ஓட்டுகிறவள். மெஷினில் மோட்டார் இருந்ததால் அந்தப் பெயர் வந்ததா, அவள் வாயில் இருந்ததால் வந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பேசாத ஆளுக்குக் கண் ஓய்வதில்லை. யானையின் கண்ணுக்கு வைத்த பொத்தான் இரண்டு தையலில் நிற்கிறதா நான்கு தையலில் நிற்கிறதா என்று பிசிறு தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். துணிக்கு நடுவில் வைத்துத் தைக்கும் சரசரப்புத் தாள் ஒரு பக்கத்தில் மடிந்துவிட்டால், தொட்ட சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். முதலாளியம்மா இதைக் கவனித்து வைத்திருந்தார். தைத்து முடிந்ததைச் சரிபார்க்கும் பழைய செக்கர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டபோது, நேராக அந்த முக்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"உனக்குப் படிக்கத் தெரியும்தானே? எதுவரைக்கும் படிச்ச?"

செக்கருக்குப் படிக்கத் தெரிய வேண்டும். கடைக்காரர்கள் ஆர்டரைக் கையால் எழுதித்தான் அனுப்புவார்கள். முதலாளியம்மா பகலெல்லாம் கடை கடையாக ஏறி இறங்குகிறவர், இருட்டும் நேரத்துக்குத்தான் வந்து சேர்வார். துணி வெட்டும் மாஸ்டருக்கு அச்செழுத்து வரும், கையெழுத்து வராது. சீட்டை உரக்கப் படித்துச் சொல்வதும் செக்கரின் வேலையாகவே ஆகிவிட்டிருந்தது.

"பத்தாவது" என்றாள் பிசிறு.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வெளியே வந்து நின்றது. உண்மையில் அவள் ஆறாம் வகுப்பின் பாதியில் நின்றவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது கடைசித் தம்பிக்கு நான்கு மாதம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் அப்பா. அந்தக் கொஞ்ச நாள் முப்பது வருஷமாக இன்னும் முடியவில்லை. ஆனாலும் படிப்பதை அவள் விடவில்லை. பொட்டலம் கட்டி வரும் காகிதம், மருந்துச் சீசாவின் முதுகு, மகளின் பாடப் புத்தகம் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டாமல் சரளமாகவே படிப்பாள். எழுத்தில் அவளுக்குக் குறை இல்லை. படித்த வார்த்தைக்குப் பொருள் தெரியாதபோது யாரிடம் கேட்பது என்பதில்தான் குறை.

முக்காலி போய் நாற்காலி வந்தது. ஜன்னலோரம், முதுகு சாய்க்க வசதியாக. முதல் ஒரு வாரம் அவள் சாயவே இல்லை.

நாற்காலிக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு பாலர் பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தது. நூற்றைம்பது புத்தகம். கோடு போட்ட தாளில், குண்டு குண்டாக, அழகான கையெழுத்து. பக்கத்துக்கு ஒரு மிருகம், மிருகத்துக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை மட்டும் நூலால் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், அதைக் குழந்தைகளே சொல்லட்டும் என்று எழுதியிருந்தது.

பிசிறு நின்றுகொண்டே படித்தாள். "பெரியது, யானை. மெதுவானது, ஆமை. தந்திரமானது, நரி. வேகமானது, சிவிங்கி."

"என்னது?" என்றார் மாஸ்டர். சாக்பீஸ் பாதிக் கோட்டில் நின்றது.

"சிவிங்கி."

"அப்படி ஒரு மிருகமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

மெஷின் சத்தம் நின்றது. இஸ்திரி மேஜையிலிருந்தும் ஒரு தலை நிமிர்ந்தது. மூன்று பேர் முகமும் அவளைப் பார்த்துத் திரும்பியபோது பிசிறுக்குக் காது மடல் சுட்டது. அவளும் அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், ஒரு நொடி வேலை. ஆனால் பத்தாவது படித்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமோ என்னவோ, யார் கண்டது?

"ஒட்டகச்சிவிங்கிதான் மாஸ்டர்" என்றாள். "சுருக்கி எழுதியிருக்காங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "படிச்சவங்க அப்படித்தான் எழுதுவாங்க."

மாஸ்டர் தலையாட்டினார். ஒட்டகச்சிவிங்கிக்கு அவரிடம் பழைய அட்டை அச்சு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, மஞ்சள் துணியில் வைத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டார். கழுத்து பக்கத்துக்குள் அடங்கவில்லை. அதைப் பின்பக்கமாகச் சாய்த்து, காற்றை எதிர்த்து ஓடுவது மாதிரி மாற்றினார். அவருக்கே அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஆவி அண்ணன் பேச்சை எடுத்தார். ஆவி அண்ணன் இஸ்திரி போடுகிறவர். காலை முதல் மாலை வரை புகையாய் வரும் நீராவிக்குள் நிற்பதால் ஆவி. ஒல்லியாக, வெளுத்துப்போய், காலடிச் சத்தம் கேட்காமல் நடப்பதாலும் ஆவி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அதை மறைக்கவும் மாட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் டப்பாவைத் திறந்துகொண்டே. "ஒட்டகச்சிவிங்கியா வேகமானது?"

"பின்ன? கால் நீளத்தைப் பாருங்க" என்று மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். "காலே ஆறடி. ஒரு எட்டு வச்சா நம்ம வாசல்ல இருந்து பஸ் ஸ்டாப்பு. நீங்க பத்து எட்டு வைக்கிற இடத்துல அது ஒரு எட்டு வைக்கும். கணக்கு முடிஞ்சுதா இல்லையா?"

"காலு நீளமா இருந்தா வேகம்னா, ஏணி எப்பவோ ஊரைத் தாண்டிப் போயிருக்கணுமே மாஸ்டர்."

மோட்டார் அக்காவுக்குப் புரையேறிவிட்டது. பிசிறு எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"சரி, அப்ப நீங்களே சொல்லுங்க. எது வேகம்?" என்றார் மாஸ்டர்.

"குதிரை. நான் கண்ணால பார்த்திருக்கேன். ஒரு தடவை ஒருத்தர் கையில பிடிச்சிருந்த குதிரை மிரண்டு ஓடுச்சு. கண்ணை மூடித் திறக்கல, காணோம்."

"குதிரையைக் காணோமா, ஆளைக் காணோமா?"

"ரெண்டையும்தான். அவரு கயித்தை விடலையே."

"கரப்பான் பூச்சியை விட்டுட்டீங்களே" என்றாள் மோட்டார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விளக்கைப் போட்டு செருப்பை எடுக்கிறதுக்குள்ள எங்க போகுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"அது பூச்சி. மிருகம்னா நாலு கால் வேணும்" என்றார் மாஸ்டர்.

"நாலு கால் இருந்தா மிருகமா? அப்ப இந்த மேஜை?"

"உயிர் இருக்கணும் அக்கா."

"பருந்துக்கு உயிர் இருக்கு. மேல இருந்து விழுந்து கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்திருக்கீங்களா? குதிரை என்ன, குதிரையோட அப்பன் வந்தாலும் ஆகாது."

"பறவையைச் சேர்க்கக் கூடாது. அதுக்கு ரெண்டு காலு."

"உங்களுக்கு எத்தனை காலு மாஸ்டர்?"

மாஸ்டர் ஒரு வாய் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

"ரெண்டு காலுல ஒண்ணு எங்க வீட்டுலயும் இருக்கு" என்று அக்கா தொடர்ந்தாள். "பாத்திரம் கழுவணும்னு நான் சொல்லி முடிக்கல, வாசலைத் தாண்டியிருக்கும்."

"அது உங்க வீட்டுக்காரர்."

"மிருகம்தானே கேட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பிசிறும் சிரித்தாள். பேச்சு அங்கேயே முடிந்திருந்தால் அந்த நாள் நல்ல நாளாகப் போயிருக்கும். ஆவி அண்ணன்தான் விடவில்லை. சிரிப்பு அடங்கியதும் டப்பாவை மூடிவிட்டு, பிசிறைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"விளையாட்டுக்குச் சொல்லலம்மா. எனக்குப் படிப்பு இல்ல, ஆனா மனசுல ஒட்டலை. அந்தச் சீட்டுல ஏதோ தப்பு இருக்கு. ஒரு தடவை அந்த டீச்சரம்மாவைக் கேட்டுட்டா என்ன?"

கேட்டுவிட்டால்? சிவிங்கி என்பது வேறு ஏதாவதாக இருந்துவிட்டால்? ஏழு வருஷத்தில் அந்த அறையில் அவள் குரல் உயர்ந்ததில்லை. அன்றைக்கு உயர்ந்தது.

"பள்ளிக்கூடப் புத்தகத்துலயே போட்டிருக்குண்ணே. வேகமானது ஒட்டகச்சிவிங்கிதான்னு. நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

மாஸ்டர் கையைத் தட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா! ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தா இப்படியா!" மோட்டார் அக்காவும் சேர்ந்துகொண்டாள். ஆவி அண்ணனும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டதைப் பிசிறு பார்த்தாள். பார்ப்பதுதான் அவள் குணமாயிற்றே. அவர் எழுந்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நேரத்துக்கு முன்பாகவே இஸ்திரி மேஜைக்குப் போனார்.

போனில் பார்த்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றலாம். யாரோ போனைப் பார்த்துக்கொண்டே விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டதிலிருந்து, அந்தப் பட்டறையில் எல்லோர் போனும் வாசலில் ஒரு பெட்டிக்குள் போய்விடும். சாயங்காலம் அதை எடுக்கும்போது ஒட்டகச்சிவிங்கி யார் ஞாபகத்திலும் இல்லை. செக்கர் சொல்லியாகிவிட்டது, அப்புறம் என்ன பார்ப்பது?

மறுநாள் முதல் ஆவி அண்ணனுக்கு இன்னொரு பெயர் வந்தது. "வாத்தியாரே, இன்னைக்கு என்ன பாடம்?" என்பார் மாஸ்டர். "வாத்தியாரே, ஏணி எந்த ஊரு வரைக்கும் போயிருக்கு?" அவர் துணிக்கு மேல் தண்ணீர் தெளிப்பார்.

ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் பிசிறு வீட்டுக்குப் போய் முகம் கழுவினாள். ஒன்பதாவது படிக்கும் மகள் கட்டிலில் புத்தகத்தைப் பரப்பி வைத்திருந்தாள். துணி மடிக்கிற சாக்கில் பிசிறு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, எல்லாத்தையும் விட வேகமா ஓடுற மிருகம் எது?"

"நிலத்துலயா? சிவிங்கிப்புலி."

பிசிறின் கையில் இருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. "சிவிங்கின்னா ஒட்டகச்சிவிங்கி இல்லையா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா! அது வேற, இது வேற. சிவிங்கின்னா புலி மாதிரி, உடம்பு பூரா புள்ளி போட்டு ஒல்லியா இருக்கும். ஒட்டகம் மாதிரி உயரம், சிவிங்கி மாதிரி புள்ளி. அதனாலதான் அதுக்கு ஒட்டகச்சிவிங்கின்னு பேரு. எங்க டீச்சர் சொன்னாங்க." பக்கங்களைப் புரட்டிப் படத்தையும் காட்டினாள். கண்ணின் ஓரத்திலிருந்து வாய் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு இறங்கிய முகம். "ஏம்மா திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. பட்டறையில பேசிக்கிட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னைக்கு என்ன சொல்லியிருக்கேன்" என்றாள் பிசிறு.

அந்தப் பெண் அம்மாவின் படிப்பை மறைக்கிறவள் இல்லை. வருஷா வருஷம் பள்ளியில் கொடுக்கும் படிவத்தில் தாயின் படிப்பு என்ற இடத்தில் ஆறாம் வகுப்பு என்று அவளே எழுதுவாள், சொந்த ஊர் பெயரை எழுதுவது மாதிரி சாதாரணமாக. பிசிறு அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அந்தக் கைதானே பட்டறையில் பத்தாவது படித்தவளின் கையாக மாறிவிடுகிறது என்று நினைத்தபோது அவளுக்குக் கூசியது.

காலையில் போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். போகும்போது வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். மாஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு. கதவைத் திறந்தபோது இருபது ஒட்டகச்சிவிங்கிகள் வெட்டப்பட்டு வரிசையாகக் கிடந்தன. "வாங்க வாங்க, பத்தாங்கிளாஸ்" என்றார் மாஸ்டர். கோத்தது எல்லாம் அறுந்து விழுந்தது. சாப்பிடும்போது சொல்லலாம் என்று விட்டாள். சாப்பிடும்போது ஆவி அண்ணன் இல்லை. இஸ்திரி மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மதியத்துக்கு மேல் அவரே அவள் நாற்காலிக்கு வந்தார். இஸ்திரி போட்ட பக்கங்களை அடுக்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"பிசிறு."

"சொல்லுங்கண்ணே."

"அந்தப் புத்தகம் உங்க வீட்டுல இருக்கா? உன் பொண்ணுதுதானே? ஒரு நாளைக்குக் கொண்டுவாயேன். எனக்கு எழுத்து தெரியாது, படம் பார்த்தாப் போதும். இத்தனை வயசுக்கு குதிரைன்னே நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன். தப்புன்னா தெரிஞ்சுக்கணும் இல்லையா?"

அவர் குத்திப் பேசுகிறாரோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. அவள் சொன்னதை அவர் நம்பியிருந்தார். நம்பிக்கொண்டு, அதைக் கற்றுக்கொள்ள வந்து நிற்கிறார். அவர் திட்டியிருந்தால்கூட அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

"கொண்டு வரேண்ணே" என்றாள்.

மறுநாள் "மறந்துட்டேண்ணே" என்றாள். அதற்கு மறுநாள் "பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டா" என்றாள். மூன்றாவது நாள் அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தப் புத்தகம் அவள் பையில்தான் இருந்தது. மகளிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பை நாற்காலிக்குக் கீழே இருந்தது. நாள் பூராவும் அவள் காலை அதன் மேல் படாமல் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலிக்கு எதிரே மஞ்சள் பக்கங்கள் ஏறிக்கொண்டே போயின. செக்கர் என்றால் ஒவ்வொரு பொத்தானையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்க வேண்டும், ஓரத் தையலை விரலால் ஓட்டிப் பார்க்க வேண்டும், எல்லாம் சரி என்றால் பின்பக்கம் ஒரு சின்னச் சாக்பீஸ் புள்ளி வைக்க வேண்டும். சரி என்று சொல்வதற்குத்தான் அந்தப் புள்ளி. நூற்றைம்பது தடவை வைத்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளியம்மா சீக்கிரமே வந்துவிட்டார். மறுநாள் காலையில் பக்கங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஒரு மஞ்சள் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்து ஒட்டகச்சிவிங்கி ஓடிக்கொண்டிருந்தது. கீழே மோட்டார் அக்காவின் சிவப்பு நூலில் 'வேகமானது'.

"இதுவா வேகமானது?" என்று புருவத்தைத் தூக்கினார்.

"சீட்டுலயே அப்படித்தாம்மா" என்றார் மாஸ்டர். "நம்ம செக்கர்தான் படிச்சாங்க. பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்காமே."

முதலாளியம்மா பிசிறைப் பார்த்தார். "நீ பார்த்தியா? அப்பச் சரி" என்று பக்கத்தைக் கீழே வைத்துவிட்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார்.

பிசிறு குனிந்து பையை எடுத்தாள். எழுந்து நின்று, புத்தகத்தை விரித்து முதலாளியம்மாவின் முன்னால் வைத்தாள்.

"சரியில்லைம்மா. சிவிங்கின்னா இது. நான் ஒட்டகச்சிவிங்கின்னு நினைச்சுட்டேன். சுருக்கி எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன்."

மோட்டார் அக்கா "ஐயோ" என்றாள். மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். முதலாளியம்மா படத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வந்ததுதான், ஆனால் வந்த கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"அந்த டீச்சரைச் சொல்லணும். சிறுத்தைன்னு எழுதித் தொலைச்சா என்ன? இல்ல, சிவிங்கிப்புலின்னாவது முழுசா எழுதக் கூடாதா? பத்தாவது படிச்ச பொண்ணுக்கே குழம்புதுன்னா, குழந்தைங்க என்ன செய்யும்? சரி, முன்னாடியே பார்த்தியே, அதுவே பெரிசு."

இப்படித்தான் அவள் தப்பித்தாள். எதிர்பார்த்த அடி விழவில்லை. அதற்குப் பதிலாகப் பாராட்டு விழுந்தது. பிசிறு தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அடுத்து என்ன செய்வது என்று பேசினார்கள். பள்ளியிடம் இரண்டு நாள் தவணை கேட்டு, மாஸ்டர் உடனே சிவிங்கியை வெட்ட ஆரம்பிப்பது. ஒட்டகச்சிவிங்கிப் பக்கங்களைத் தூக்கிப் போட வேண்டாம், அதில் இருக்கும் வார்த்தையை 'உயரமானது' என்று மாற்றி வேறொரு புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மோட்டார் அக்காதான் அதைக் கண்டுபிடித்தாள். "எல்லா எழுத்தையும் பிரிக்க வேண்டாம்மா. 'மானது' ரெண்டுலயும் வருது. 'வேக'வை மட்டும் எடுத்துட்டு 'உயர' போட்டுட்டா முடிஞ்சுது. இடமும் சரியாத்தான் இருக்கும்."

"நான் பிரிக்கிறேன்" என்றாள் பிசிறு.

தையலைப் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் தெரியும். நீராவி காட்டி, ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால்தான் நூல்கள் நகர்ந்து துளைகள் மூடும். ஆகவே அவள் பிரிப்பதும் அவர் தேய்ப்பதுமாக, கைக்குக் கை மாற்ற வேண்டிய வேலை. முதலாளியம்மா உள்ளறைக்குப் போனார். பிசிறு தன் பழைய முக்காலியை எடுத்து இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

பத்து பதினைந்து பக்கம் போயிற்று. அவள் பிரித்துக் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். ஆவி புஸ்ஸென்று எழுந்து அடங்கியது. கடைசியில் அவள் புத்தகத்தை எடுத்து, மேஜையின் சூடில்லாத ஓரத்தில் விரித்து வைத்தாள்.

"படம் கேட்டீங்களேண்ணே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அப்ப குதிரையும் இல்ல" என்றார்.

"இல்லண்ணே. ஆனா நீங்க சந்தேகப்பட்டது சரிதான். நான்தான்..." அவள் கத்திரிக்கோலை மடியில் வைத்தாள். "அன்னைக்கு நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்கல. சும்மா சொன்னேன். சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாலு நாளா வாயை மூடிட்டு இருந்தேன். நீங்க புத்தகத்தைக் கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

அவர் இஸ்திரியைத் தூக்கி நிறுத்தி வைத்தார்.

"இன்னொண்ணும் இருக்குண்ணே." அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது. "நான் பத்தாவது இல்ல. ஆறாவது. அதுவும் பாதிதான்."

"என்ன?"

"ஆறாவதுதாண்ணே படிச்சேன்."

ஆவி அண்ணன் அவளைப் பார்த்தார். கண்ணுக்கு நேராகப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்தது. அவரிடம் அவள் அதுவரை பார்த்திராத கோபம்.

"அன்னைக்கு என்னைச் சொன்னப்ப எல்லாருக்கும் கேட்டுச்சேம்மா" என்றார். "இது எனக்கு மட்டும் கேட்டா எப்படி?"

அவர் மறுபடி இஸ்திரியை எடுத்துக்கொண்டார். கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த பக்கத்துக்காகக் கையை நீட்டினார். அவ்வளவுதான்.

பிசிறு ஒரு பக்கத்தை எடுத்தாள். 'வே'யின் கொம்பில் முதல் தையலைக் கத்திரித்தாள். இரண்டாவது தையல் கண்ணுக்குத் தெரியவில்லை. அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அந்தப் பாடப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சிவிங்கியின் வாலைத் தாளில் வரைந்து அழித்து வரைந்துகொண்டிருந்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் இப்படியே நூற்றைம்பதையும் பிரித்து முடித்து, நாளைக்கு ஜன்னலோரம் போய் முதுகைச் சாய்த்து உட்காரலாம். அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் உட்கார விடவில்லை.

அவள் எழுந்தாள்.

"மாஸ்டர்" என்றாள். மெஷின் சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. இன்னும் பலமாக, "அக்கா, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

மெஷின் நின்றது.

"நான் பத்தாவது படிக்கல. ஆறாவது பாதியில நின்னுட்டேன். அண்ணனைப் பள்ளிக்கூடம் போகலைன்னு சொன்னேன். நானே முழுசாப் போகாதவதான். புத்தகத்துல இருக்குன்னு சொன்னதும் பொய்."

முகமெல்லாம் நெருப்பாக எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாஸ்டரின் கையிலிருந்த சாக்பீஸையே பார்த்தாள். மாஸ்டர் ஆவி அண்ணனைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மோட்டார் அக்கா மெஷினிலிருந்து கையை எடுத்தாள்.

உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"யாரும்மா அங்க?" என்று முதலாளியம்மாவின் குரல் வந்தது. "யாரு பத்தாவது படிக்கல?"

பிசிறு கத்திரிக்கோலை மேஜையில் வைத்தாள். ஆவி அண்ணன் சற்று நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்.

"நான்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.